வணிகவியல் மாணவர்களுக்குக் கணக்கும் விரிதாளும்: தனித்தனியா, சேர்த்தா?

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மை முதலாண்டு மாணவர்களுக்கு அளவியல் பாடம் எடுக்கிறேன். வரும் கல்வியாண்டுக்கான பாடத்திட்டத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. துறையில் இப்போது இருக்கும் யோசனை இது: முதல் பருவத்தில் கணக்கு, இரண்டாம் பருவத்தில் விரிதாள், அதாவது எக்செல். இரண்டுக்கும் வெவ்வேறு ஆசிரியர்கள், வெவ்வேறு தேர்வுகள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லிவிட்டு உங்கள் கருத்தைக் கேட்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரு நிறுவனத்தின் இந்த ஆண்டு விற்பனை 1,000. ஆண்டுதோறும் 8 சதவீதம் வளர்ந்தால் அடுத்த ஐந்து ஆண்டுகளில் விற்பனை எவ்வளவு? மாணவர்கள் வளர்ச்சி வீதத்தை எஃப்1 கட்டத்தில் போட்டார்கள். இந்த ஆண்டு விற்பனை பி2 கட்டத்தில். பி3 கட்டத்தில் =பி2*(1+எஃப்1) என்று எழுதி, மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். வகுப்பில் பாதிப் பேர், இழுக்கும்போது கட்டத்தின் முகவரி நகராமல் பூட்டும் டாலர் குறியை எஃப்1க்குப் போடவில்லை. ஆகவே அடுத்த வரிசையில் சூத்திரம் எஃப்2 கட்டத்துக்கு நகர்ந்தது. அது காலி. காலிக் கட்டத்தை எக்செல் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும். வந்த விடை: 1,080, 1,080, 1,080, 1,080, 1,080. சரியான விடை ஐந்தாம் ஆண்டில் 1,469.

டாலர் குறி விட்டுப்போவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை; அது பழகினால் வந்துவிடும். அட்டவணைக்குக் கீழே அவர்கள் எழுதியிருந்த விளக்கம்தான் என்னை உலுக்கியது. "முதல் ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகு விற்பனை நிலைபெறுகிறது" என்று நல்ல நடையில், நம்பிக்கையோடு எழுதியிருந்தார்கள். 8 சதவீதம் வளரும் ஒன்று எப்படி நிலைபெறும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இந்தப் பிழை கணக்கில் நடந்ததா, விரிதாளில் நடந்ததா? இரண்டையும் பிரித்துக் கற்பித்தால் இதைத் திருத்த வேண்டியவர் யார்? கணக்கு ஆசிரியரிடம் விரிதாள் இருக்காது. விரிதாள் ஆசிரியர் டாலர் குறியைத் திருத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

தணிக்கை மேசை எழுதியது:

நல்ல கேள்வி. நான் தணிக்கைத் துறையில் இருக்கிறேன். புதிதாகப் பட்டம் பெற்று வருபவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் வேலை. எங்களிடம் வரும் இளைஞர்கள் கணக்கில் மோசமில்லை. தாளை ஒழுங்காக அமைக்கத் தெரியாததுதான் பெரிய குறை. சூத்திரத்துக்கு நடுவில் எண்களைப் புதைத்து வைப்பார்கள். =பி2*1.08 என்று எழுதிவிட்டால் அந்த 8 சதவீதம் எங்கிருந்து வந்தது, யார் முடிவு செய்தது, நாளைக்கு 7 ஆனால் எத்தனை இடத்தில் மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் வாரத்திலேயே பழக்கவேண்டியது ஒன்று உண்டு. அனுமானங்கள் ஓரிடத்தில், கணக்கீடு ஓரிடத்தில், முடிவு ஓரிடத்தில். அனுமானக் கட்டங்களுக்கு ஒரு நிறம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அலகு.

இன்னொன்று, தரவைப் பார்க்கும் கண். வேறு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பில் சில எண்கள் எழுத்தாகப் பதிந்து வரும். பார்த்தால் 4,500 போலத்தான் இருக்கும். ஆனால் சம் சூத்திரத்தில் ஒரு வரம்பைக் கொடுத்தால், எழுத்தாகப் பதிந்த எண்களை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். பிழைச் செய்தி வராது. அதே கட்டங்களை ஏ1+ஏ2+ஏ3 என்று கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் எண்ணாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். ஒரே கட்டங்கள், இரண்டு வழிகள், இரண்டு விடைகள். இதை மாணவர்கள் கையால் செய்து பார்க்கட்டும். எண்கள் இயல்பாகக் கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும் என்பதைக் கவனிக்கும் பழக்கம் அன்றைக்கே வந்துவிடும்.

2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா தொற்று எண்ணிக்கையில் 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமல் போனார்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பு வகையில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை, மிஞ்சியது விழுந்துவிட்டது. அவர்களின் தொடர்புகளைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. அங்கே யாருக்கும் கணக்குத் தெரியாமல் இல்லை. கோப்பின் கொள்ளளவைச் சரிபார்க்கும் பழக்கம்தான் இல்லை.

எண்சுவடி எழுதியது:

தணிக்கை மேசை சொல்வதில் பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். நான் புள்ளியியல் கற்பிப்பவன். விரிதாள் ஒழுங்கு அவசியம்தான். ஆனால் ஒழுங்கான தாளில் தவறான கணக்கை அழகாகப் போடலாம். அதுதான் இன்னும் ஆபத்து, ஏனென்றால் பார்க்கிறவர் நம்பிவிடுவார்.

ஒரு நிறுவனத்துக்கு இரண்டு கிளைகள். முதல் கிளையின் விற்பனை 9,00,000, இலாப விகிதம் 10 சதவீதம். இரண்டாவது கிளையின் விற்பனை 1,00,000, இலாப விகிதம் 30 சதவீதம். நிறுவனத்தின் இலாப விகிதம் என்ன? மாணவர்கள் இரண்டு கட்டங்களையும் தேர்வு செய்து ஆவரேஜ் போடுவார்கள்: 20 சதவீதம். உண்மையில் இலாபம் 90,000 + 30,000 = 1,20,000; மொத்த விற்பனை 10,00,000; விகிதம் 12 சதவீதம். சூத்திரம் சரி, வரம்பு சரி, டாலர் குறி சரி. கணக்குதான் தவறு. எந்தத் தணிக்கைப் பட்டியலும் இதைப் பிடிக்காது. சராசரிகளின் சராசரி என்பது என்ன என்று தெரிந்தவர்தான் பிடிப்பார்.

இதைப் போலவே வளர்ச்சி வீதங்களின் சராசரியும். 100 என்பது 50 சதவீதம் ஏறி 150 ஆகிறது. அடுத்த ஆண்டு 50 சதவீதம் இறங்கி 75 ஆகிறது. சராசரி வளர்ச்சி பூச்சியம் என்று விரிதாள் சொல்லும். கையில் இருப்பதோ 75. ஆண்டுக்குச் சராசரியாக 13.4 சதவீத வீழ்ச்சி என்பதே சரி. இதற்குப் பெருக்கல் சராசரி தெரியவேண்டும்.

எல்லாரும் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2010ஆம் ஆண்டு கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிந்துவிடுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். பல நாடுகளில் சிக்கன நடவடிக்கைகளுக்கு அதை ஆதாரமாகக் காட்டினார்கள். 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்த விரிதாளை வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் வரம்பு 49ஆம் வரிசை வரை போகவேண்டிய இடத்தில் 44இல் நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அவரும் அவருடைய ஆசிரியர்களும் திருத்திக் கணக்கிட்டபோது, அதிகக் கடன் உள்ள நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதத்திலிருந்து 2.2 சதவீதமாக மாறியது.

இதை "எக்செல் பிழை" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து வரிசைகளால் வந்த வேறுபாடு சிறியது. பெரிய பகுதி, சில ஆண்டுகளின் தரவை விட்டதாலும் நிறையிட்ட விதத்தாலும் வந்தது. நியூசிலாந்தின் ஒரே ஓர் ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் ஒரே எடை கொடுத்திருந்தார்கள். அதாவது என் இரண்டு கிளைக் கணக்கு அங்கேயும் இருக்கிறது. ஆகவே என் வாக்கு கணக்குக்கே. முதல் பருவம் முழுக்கத் தாளும் பேனாவும். விரிதாள் பிறகு.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தப் பாடத்தைப் படித்து முடித்தவள் என்ற முறையில் சில வார்த்தைகள்.

எண்சுவடி ஐயா, ஒரு பருவம் முழுக்கத் தாளும் பேனாவும் என்றால் எங்களில் பலர் முதல் மாதத்திலேயே மனத்தளவில் வெளியேறிவிடுவோம். பள்ளியில் கணக்கு வரவில்லை என்பதாலேயே வணிகவியலுக்கு வந்தவர்கள் நிறையப் பேர். பலகையில் சமன்பாட்டைப் பார்த்ததும் கை ஓடாது. புரியவில்லை என்று சொல்லவும் கூச்சம். விரிதாளில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை மாறுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு "மாறி" என்றால் என்ன என்று முதன்முதலில் விளங்கியது. பள்ளியில் எக்ஸ் என்று எழுதிக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். இங்கே நான் பிடித்து அசைக்கக்கூடிய ஒரு கட்டமாக அது இருந்தது.

எனக்கு உண்மையிலேயே உதவிய இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, எங்கள் ஆசிரியை எந்தச் சூத்திரத்தையும் எழுதுவதற்கு முன் உத்தேச விடையைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொல்வார். தவறாக இருந்தால் மதிப்பெண் குறையாது. எழுதாவிட்டால்தான் குறையும். 8 சதவீதம், ஐந்து ஆண்டு, அப்படியென்றால் 40 சதவீதத்துக்கு மேல், 1,400க்கு மேல் வரவேண்டும் என்று எழுதி வைத்தவர் 1,080ஐப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். இரண்டாவது, பிழை உள்ள கோப்பைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொன்னது. யாரோ செய்த பிழை என்பதால் அவமானம் இல்லை; தேடும் ஆர்வம் மட்டுமே இருந்தது.

உதவாததையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் திரையில் வேகமாக அழுத்திக் காட்ட, நாங்கள் பின்தொடர்ந்து அதே பொத்தான்களை அழுத்துவது. வகுப்பு முடிந்தால் ஒன்றும் மிஞ்சாது.

எண்சுவடி எழுதியது:

> விரிதாளில் ஒரு எண்ணை மாற்றினால் மற்றவை மாறுவதைப் பார்க்கும்போதுதான் எனக்கு "மாறி" என்றால் என்ன என்று விளங்கியது

இதற்கு நன்றி, அம்மா. இதை நான் யோசிக்கவேண்டும்.

கேள்விக்காரன் எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சூத்திரத்தையே எழுதித் தந்துவிடுகிறதே. இன்னும் இதற்கெல்லாம் ஒரு பருவம் செலவிட வேண்டுமா? எதைக் கேட்பது என்று மட்டும் கற்பித்தால் போதாதா?

தணிக்கை மேசை எழுதியது:

எதைக் கேட்பது என்று தெரிவதற்கே கணக்குத் தெரியவேண்டும். "அடக்கவிலை 60, எனக்கு 40 சதவீத இலாபம் வேண்டும், விற்பனை விலை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அடக்கத்தின் மேல் 40 சதவீதம் என்றால் விடை 84. விற்பனை விலையில் 40 சதவீதம் என்றால் விடை 100. 84க்கு விற்றால் விற்பனையில் இலாபம் 28.6 சதவீதம்தான். கேட்பவருக்கே எது வேண்டும் என்று தெரியாவிட்டால், எழுதித் தருவது மனிதரோ இயந்திரமோ, விடை சரியாக வரும் என்பதற்கு உறுதி இல்லை. அந்தச் சூத்திரத்தின் கீழ் கையெழுத்துப் போடப்போவது மாணவர். அவர் அதைப் படித்துச் சொல்ல வேண்டும்.

சூத்திரம் எழுதும் நேரம் குறையும், அதை ஏற்கிறேன். மிச்சமாகும் நேரத்தைச் சரிபார்ப்பதற்குக் கொடுங்கள்.

நிகர மதிப்பு எழுதியது:

நிதி மேலாண்மை கற்பிக்கிறேன். கரும்பலகை அவர்களின் மாணவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்கள். அதனால் இந்த இழையில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கணக்கா விரிதாளா என்ற கேள்விக்கு என் துறையில் ஒரு சூத்திரமே விடை சொல்லிவிடும். நிகரத் தற்போதைய மதிப்பைக் கணக்கிடும் என்பிவி சூத்திரம். எதிர்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் கிடைப்பதே நிகரத் தற்போதைய மதிப்பு.

முதலில் அனைவரும் அறிந்த பொறி. இன்றைக்கு 10,000 முதலீடு. அடுத்த மூன்று ஆண்டுகளின் முடிவில் தலா 4,000 வரவு. தள்ளுபடி வீதம், அதாவது எதிர்காலப் பணத்தை ஆண்டுதோறும் குறைத்து மதிப்பிடும் வீதம், 10 சதவீதம். மாணவர்கள் நான்கு எண்களையும் ஒரே வரம்பாக என்பிவிக்குள் போடுவார்கள். ஆனால் அந்தச் சூத்திரம் முதல் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொண்டு அதையும் தள்ளுபடி செய்துவிடும். இன்றைய முதலீட்டை வெளியே வைத்துத் தனியாகச் சேர்க்கவேண்டும். சரியான விடை மைனஸ் 52.59. எல்லாவற்றையும் உள்ளே போட்டால் மைனஸ் 47.81. எல்லாமே ஒரு தடவை கூடுதலாக 1.1ஆல் வகுபடுவதால் கூட்டல் கழித்தல் குறி மாறாது. முதலீடு செய்யலாமா வேண்டாமா என்ற முடிவும் மாறாது. அதனாலேயே இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது.

இரண்டாவது பொறி முடிவையே புரட்டிவிடும். அதே 10,000 முதலீடு. முதல் ஆண்டு வரவு ஏதுமில்லை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் தலா 6,000. முதல் ஆண்டில் வரவில்லை என்பதால் மாணவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். பூச்சியம் போடவில்லை. என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றும். என்பிவி காலிக் கட்டங்களைக் கணக்கில் கொள்ளாது; தாண்டிப்போய் அடுத்த எண்ணை முதல் ஆண்டாக எடுத்துக்கொள்ளும். இரண்டாம் ஆண்டின் 6,000 முதல் ஆண்டுக்கும், மூன்றாம் ஆண்டினது இரண்டாம் ஆண்டுக்கும் முன்னேறிவிடும். பூச்சியம் போட்டால் நிகர மதிப்பு மைனஸ் 533.43. காலியாக விட்டால் ப்ளஸ் 413.22. நிராகரிக்கவேண்டிய திட்டம் ஏற்கத்தக்கதாகிவிடுகிறது.

கரும்பலகை அவர்களே, உங்கள் எஃப்2 கட்டத்தில் காலி என்பது பூச்சியமாக நடந்துகொண்டது. இங்கே காலி என்பது இல்லாத ஒன்றாக நடந்துகொள்கிறது. ஆவரேஜ் சூத்திரமும் இப்படித்தான். காலியை விட்டுவிடும், பூச்சியத்தை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளும். இதை எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லாது. அதே சமயம், 6,000ஐ 1.21ஆல் வகுத்து 4,958.68 என்று ஒருமுறையாவது கையால் கண்டவருக்குத்தான் 5,454.55 என்ற எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வரும். கணக்கு தெரியாவிட்டால் பிழை தெரியாது. விரிதாள் தெரியாவிட்டால் பிழையின் காரணம் தெரியாது. இரண்டு பருவங்களாகப் பிரித்தால் இந்தக் கணம் வகுப்பில் நிகழவே நிகழாது.

எண்சுவடி சொன்ன தாளும் பேனாவும் எனக்கும் வேண்டும். ஆனால் ஒரு பருவத்துக்கு அல்ல. ஒவ்வொரு வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்கு.

கடன் தவணையையும் இப்படித்தான் எடுக்கிறேன். 1,00,000 கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம், 12 மாதத் தவணை. முதல் மாத வட்டி 1,000 என்று எல்லாரும் கையால் காண்பார்கள். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்பதால் மொத்த வட்டி 12,000ஐவிட வெகுவாகக் குறையவேண்டும், ஏறத்தாழப் பாதி இருக்கலாம் என்று உத்தேசம் எழுதுவார்கள். பிறகு பிஎம்டி சூத்திரம்: தவணை 8,884.88, மொத்த வட்டி 6,618.55 என்று வரும். வீதத்தை 12ஆல் வகுக்க மறந்தவருக்கு மாதத் தவணை 16,000க்கு மேல் வரும். உத்தேசம் எழுதியவர் உடனே பிடித்துவிடுவார்.

அதன் பிறகு நிலையான வட்டிக் கடனைக் கொடுக்கிறேன். அதே 12 சதவீதம், ஆனால் முழு அசலுக்கும் ஆண்டு முழுக்க வட்டி. மொத்தம் 1,12,000, மாதம் 9,333.33. இதன் உண்மையான வட்டி வீதத்தை ரேட் சூத்திரத்தால் கண்டால் ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல் வரும். வகுப்பு அமைதியாகிவிடும். தங்கள் குடும்பம் வாங்கிய கடன் பத்திரத்தை எடுத்துப் பார்க்கப்போவதாகச் சொல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆர்வத்தை எந்த மதிப்பெண்ணாலும் வரவழைக்க முடியாது.

எண்சுவடி எழுதியது:

காலிக் கட்டம் பற்றி நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். 413.22 வருகிறது. ஒரு பருவம் தனியாக என்ற என் கருத்தை விட்டுவிடுகிறேன். பத்து நிமிடத்தைப் பதினைந்தாக்கினால் மகிழ்ச்சி.

ஒன்றை மட்டும் விடமாட்டேன். வரைபடம். 1973இல் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் பதினொரு இணைகள். எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.816 என்று நான்குக்கும் ஏறத்தாழ ஒரே எண்கள்தான். வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்று நேர்கோட்டில் ஒரே ஒரு விலகிய புள்ளி, நான்காவதில் ஒரு புள்ளியைத் தவிர எல்லாமே செங்குத்தாக ஒரே எக்ஸில். மாணவர்கள் நாற்பத்து நான்கு இணைகளையும் தட்டச்சு செய்ய ஆகும் நேரம் மிகக் குறைவு. முதலில் எண்களைக் கணக்கிடட்டும், நான்கும் ஒன்றுபோலத்தானே என்று எழுதட்டும், பிறகு வரையட்டும்.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

எத்தனை சூத்திரங்கள் தெரிந்தால் போதும் என்று ஆசிரியர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகும் என் நண்பர்கள் நூற்றுக்கணக்கான சூத்திரங்களின் பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள்.

தணிக்கை மேசை எழுதியது:

அந்தப் பட்டியலைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். சம், ஆவரேஜ், இஃப், கவுன்ட்இஃப்ஸ், சம்இஃப்ஸ், ரவுண்ட், ஒரு தேடல் சூத்திரம், பிவட் டேபிள், நிதிக்கு நிகர மதிப்பு அவர்கள் சொன்ன மூன்று. அலுவலகத்தின் முதல் ஆண்டு வேலையில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். அவற்றை நன்றாகத் தெரிந்திருக்கவேண்டும், அதுதான் முக்கியம். பட்டியலில் தேடி எடுக்கும் விலுக்கப் சூத்திரத்தில் நான்காவது இடத்தை எழுதாமலே விட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும். பட்டியல் வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால் யாரோ ஒருவரின் கணக்கு எண்ணுக்கு வேறு யாருடைய தொகையோ வந்து உட்காரும். புதிய எக்ஸ்லுக்கப் இயல்பாகவே துல்லியப் பொருத்தத்தைத்தான் தேடும். இதைத் தெரிந்தவரை நான் வேலைக்கு எடுப்பேன். நூறு பெயர்களை ஒப்பிப்பவரை எடுக்கத் தயங்குவேன்.

எஃப்4 விசையால் டாலர் குறி மாறுவதையும், தாளில் எல்லாச் சூத்திரங்களையும் ஒரே நேரத்தில் காட்டும் வசதியையும் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டாவதை அழுத்தி ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே பார்த்தால், நடுவில் யாரோ சூத்திரத்தை அழித்து எண்ணைத் தட்டியிருப்பது பளிச்சென்று தெரியும்.

கரும்பலகை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. துறைக் கூட்டத்துக்கு நான் எடுத்துப்போகும் வரைவை இங்கேயே எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

இரு பருவங்களும் ஒரே பாடமாக இருக்கும். ஒவ்வொரு வகுப்பும் எண்சுவடி கேட்ட பதினைந்து நிமிடத் தாள் வேலையோடு தொடங்கும். அதில் சதவீதம், விகிதம், நிறையிட்ட சராசரி, கூட்டு வளர்ச்சி ஆகியவை திரும்பத் திரும்ப வரும். ஒரு வாரம் எடுத்து முடித்துவிட்டுப் போகமாட்டேன். 8 சதவீதம் 10 ஆனால் உயர்வு 2 சதவீதப் புள்ளி, ஆனால் 25 சதவீத ஏற்றம் என்பதை எட்டாவது வாரத்திலும் கேட்பேன். பிறகு உத்தேசம். பிறகுதான் விரிதாள்.

இலாபமும் நட்டமும் இல்லாத புள்ளியை மூன்றாம் வாரத்துக்கு வைத்திருக்கிறேன். நிலையான செலவு 60,000, விலை 50, ஒன்றுக்கான மாறும் செலவு 30. ஒன்றுக்கு 20 மிஞ்சும், 3,000 விற்கவேண்டும். விலையை 10 சதவீதம் குறைத்தால் இன்னும் எத்தனை விற்கவேண்டும் என்று முதலில் உத்தேசம் கேட்பேன். பெரும்பாலோர் 10 சதவீதம் கூடுதல், 3,300 என்பார்கள். விலை 45, மிச்சம் 15, விற்கவேண்டியது 4,000. மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இதை மாணவர்கள் தங்கள் தாளில் தாங்களே காணவேண்டும். பிறகு விலையை ஒவ்வொன்றாகக் குறைத்து அட்டவணையும் வரைபடமும் போடவேண்டும். 35க்குக் கீழே போகும்போது கோடு எப்படி நிமிர்கிறது, 30ஐத் தொட்டதும் ஏன் வகுத்தல் பிழை வருகிறது என்பதை விளக்கி எழுதவேண்டும்.

டான் பிரிக்லின் வணிக மேலாண்மை படித்துக்கொண்டிருந்தபோதுதான் விரிதாள் யோசனை அவருக்கு வந்தது. அவரும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய விசிகால்க் 1979இல் வெளிவந்தது. ஓர் எண்ணை மாற்றினால் மற்றவற்றையெல்லாம் அழித்துத் திரும்ப எழுதவேண்டிய பாட்டை ஒழிக்கப் பிறந்த கருவி அது. மாணவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்வேன். அவர்களைப் போன்ற ஒருவருக்காக, அவர்களைப் போன்ற ஒருவர் செய்தது.

மதிப்பீட்டில்தான் எனக்குத் தெளிவில்லை. விடைக்கு எத்தனை மதிப்பெண், தாளின் அமைப்புக்கு எத்தனை?

நிகர மதிப்பு எழுதியது:

நான் விடைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. உத்தேசம் எழுதியிருக்கிறாரா, அனுமானங்கள் தனியாக இருக்கின்றனவா, சரிபார்ப்புக் கட்டம் ஒன்றாவது இருக்கிறதா என்பதற்கு ஒரு பங்கு. மிச்சம் வாய்மொழிக்கு. ஒவ்வொரு மாணவரையும் ஐந்து நிமிடம் அவருடைய கோப்போடு உட்காரவைத்து, நான் ஒரு கட்டத்தைத் தொட்டு "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்பேன். ஓர் அனுமானத்தை மாற்றி, எண்டர் அழுத்துவதற்கு முன், "ஏறுமா இறங்குமா?" என்று கேட்பேன். பிறர் செய்து கொடுத்த கோப்பாக இருந்தாலும், இயந்திரம் எழுதிய சூத்திரமாக இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

மூன்றாமாண்டு மாணவி எழுதியது:

அந்த ஐந்து நிமிடம் பயமாகத்தான் இருக்கும். முதல் தடவையை மதிப்பெண் இல்லாமல் வைத்தால் நன்றாக இருக்கும். இரண்டாவது தடவைக்கு நாங்களே தயாராகி வந்துவிடுவோம்.

கரும்பலகை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். நான்காம் வாரம் மதிப்பெண் இல்லாத வாய்மொழி, பத்தாம் வாரம் மதிப்பெண்ணோடு. மாணவர் எண்ணிக்கை அதிகம் என்பதால் இருவர் இருவராக அழைக்கிறேன். ஒருவர் கோப்பை மற்றவர் விளக்கட்டும். தணிக்கை மேசை, பிழைகள் நிறைந்த கோப்பு ஒன்றை நீங்கள் தயாரித்துத் தந்தால் இரண்டாம் வாரத்திலேயே பயன்படுத்துவேன்.

தணிக்கை மேசை எழுதியது:

தருகிறேன். எழுத்தாகப் பதிந்த எண்கள், நடுவில் தட்டிய எண், வரம்பில் விடுபட்ட கடைசி வரிசை, நான்காவது இடம் எழுதப்படாத விலுக்கப், சராசரிகளின் சராசரி. ஐந்தும் ஒரே கோப்பில் இருக்கும். ஐந்து என்று மாணவர்களிடம் சொல்லவேண்டாம். எண்ணிக்கை தெரிந்தால் ஐந்தோடு தேடலை நிறுத்திவிடுவார்கள்.